முதலில் சிப்பாயை அளந்துகொள்ளுங்கள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவியில் நவராத்திரிக்குக் கொலுப்படியின் முன்னே தரையில் ‘பார்க்’கும், தீபாவளிக்கு மண்கோட்டையான ‘கில்லா’வும் கட்டுகிற பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகப் பரணிலிருந்து தகர டப்பாவை இறக்கித் தருகிற தாத்தா பாட்டிகளுக்கும்,



விஜயதசமி முடிந்து கொலு பொம்மைகளெல்லாம் துணி சுற்றிப் பெட்டிக்குள் போன பிறகும், ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஓய்வு கிடையாது. பார்க்கில் நின்ற சிப்பாய்கள் இருபது நாளில் கட்டடத்தின் காம்பவுண்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளைகளோடு சேர்ந்து செங்கல், கோணி, செம்மண் கொண்டு நீங்கள் எழுப்புகிற கில்லாவில், மண்ணால் செய்த, சிவாஜி படையின் மாவளே வீரர்களுக்கு நடுவே அவர்களும் காவல் நிற்கிறார்கள். பார்க்கில் புல்லுக்காகத் தூவிய கடுகுதான் கில்லாவின் சரிவிலும் முளைக்கிறது. இரண்டு ஊர் வழக்கம் ஒரே பிடி கடுகில் சேர்வதை ஒவ்வொரு வருஷமும் ஆசையோடு பார்த்து வருகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். மலையைக் குவிக்கும் முன், ஜீப்பை நிறுத்தும் முன், உங்கள் சிப்பாயின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ட்ராயிங் ஆபீஸில் ட்ரேசராக வேலை பார்த்தவள். முக்கோண ஸ்கேல் என் கைப்பையில் சீப்பு மாதிரி எப்போதும் இருக்கும். 1:50-இல் வரைந்த சுவரில் 1:20-இல் ஒரு கதவைப் போட்டால் அந்தத் தாள் கிழித்துப் போடப்படும். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே நியாயம் பொம்மைக்கும் உண்டு என்பது எனக்கு 1999-இல்தான் உறைத்தது.

அது கார்கில் போர் நடந்த வருஷம். ஜூலை 4-ஆம் தேதி டைகர் ஹில் மீட்கப்பட்டது. அக்டோபரில் நவராத்திரி வந்தபோது என் அண்ணன் மகன், பார்க்கில் டைகர் ஹில்தான் வைக்க வேண்டும் என்று நின்றான். அப்போது மாட்டுங்காவில் இருந்தோம். கோணியைக் களிமண் கரைசலில் தோய்த்து மூன்று படி உயரத்துக்கு மலை எழுப்பினோம். உச்சியில் சுண்ணாம்புப் பனி. அடிவாரத்துச் சாலையில் ஒரு ஜீப், அவனிடம் இருந்த ஒரே டேங்க், சரிவெங்கும் பச்சைச் சிப்பாய்கள். வெற்றிலை பாக்குக்கு வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

எங்கள் கட்டடத்தில் மதராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குடியிருந்தார். அவரும் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, பையன் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்: "இந்த டேங்குக்குள்ள மூணு பேர் உக்காரணும் தம்பி. வெளியில நிக்கிற ஆளோட நெஞ்சு உயரம்கூட அது இல்லையே. இந்த மலைய நாங்க அஞ்சு நிமிஷத்துல ஏறிடுவோம். அந்தப் பசங்க ராத்திரி பூரா ஏறினாங்க."

சுண்டலை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பார்க் முன்னால் உட்கார்ந்தேன்.

சிப்பாயின் உயரம் 54 மி.மீ. ஐந்தடி எட்டங்குல ஆள், அதாவது 1.73 மீட்டர், 54 மி.மீ. ஆகச் சுருங்கினால் அது 1:32. ஜீப்பின் நீளம் 11 செ.மீ. அசல் ஜீப் ஏறக்குறைய 3.3 மீட்டர், ஆக அது 1:30, சிப்பாய்க்கு மிக நெருக்கம். டேங்கும் 11 செ.மீ.தான். ஆனால் அது டி-72. அதன் உடல் மட்டும் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் 1:63. கடையில் இரண்டும் ஒரே நீளப் பெட்டியில், ஒரே விலையில், அடுத்தடுத்து இருந்தவை. ஒன்றில் நம் சிப்பாய் ஏறி உட்காரலாம். மற்றதில் காலைக்கூட நுழைக்க முடியாது. மலையோ 60 செ.மீ. அதை 32-ஆல் பெருக்கினால் 19 மீட்டர். டைகர் ஹில் கடல் மட்டத்திலிருந்து 5,062 மீட்டர். கீழே திராஸ் ஏறக்குறைய 3,300 மீட்டரில் இருக்கிறது. 1,700 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற ஒரு மலையை நாங்கள் ஆறு மாடிக் கட்டடமாக ஆக்கியிருந்தோம்.

அந்தப் பையன்கள் எதன் மேல் ஏறினார்கள் என்பதைக் காட்டத்தான் அந்தப் பார்க்கைக் கட்டினோம். காட்டாமல் விட்டதும் அதைத்தான். இதை நினைத்து அன்றிரவு எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கும் அந்த இரவுதான் காரணம்.

மறுநாள் கணக்கை வைத்துக்கொண்டு யோசித்தோம். 1:72-க்குப் போனாலும் முழு மலைக்கு 23, 24 மீட்டர் வேண்டும், எட்டு மாடி. எந்த வீட்டிலும் நடக்காத காரியம். ஆனால் அதே 60 செ.மீ. களிமண், 1:72-இல் 43 மீட்டர் செங்குத்துப் பாறை ஆகிவிடும். கயிறு கட்டி ஏறுகிற ஒரு பாறை முகத்துக்கு அது போதும். எனவே உச்சிப் பனியை உடைத்து எடுத்தோம். மலையின் ஒரு முகம் மட்டும் மிஞ்சியது. 54 மி.மீ. ஆட்களை டப்பாவில் போட்டுவிட்டு, 24 மி.மீ. சிப்பாய்கள் ஐந்து பேரை அந்தப் பாறையில் ஒட்டினோம். டேங்க் போனது, கார்கிலில் அந்த உயரத்தில் டேங்குக்கு வேலையும் இருக்கவில்லை. முழங்கியது போஃபர்ஸ் பீரங்கி. அதன் குழாய் 6 மீட்டருக்குச் சற்று அதிக நீளம்; 1:72-இல் 84 மி.மீ. பேனா ரீஃபில் ஒன்றை அந்த நீளத்துக்கு வெட்டிக்கொண்டோம். அசல் குழாயின் வாய் 155 மி.மீ.; நம் அளவில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். ரீஃபிலின் துளை ஏறக்குறைய அதேதான்! சுபேதார் மறுபடியும் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாறைக்கு எதிரே நின்று, கீழிருந்து மேலாக அண்ணாந்து பார்த்தார்.

அளவு என்றால் பெரியது சிறியது என்று நினைக்காதீர்கள். ஒரே தரையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வகுத்தவை அல்ல. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பம், உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி உடனே கவிழ்த்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும்படி சிப்பாய் வார்க்கக் கற்றது. ஈயம் மிச்சமாயிற்று, விலை இறங்கிற்று, வீட்டுக்கு வீடு படை வந்தது. அக்காலத்துப் பெரிய பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தோதாக 54 மி.மீ. உயரம் வைத்தார்கள். மதராஸ் காலாட்படை, பம்பாய் லான்சர்கள் என்று நம் ஊர்ப் பெயர் போட்ட பெட்டிகளும் அவர்களிடம் இருந்தன. நம் தாத்தாக்களின் டப்பாவில் அவற்றில் ஒன்று அகப்பட்டால் கண்ணாடிக்குள் வையுங்கள். ஈயம் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும்.

1:43 வந்ததும் ரயிலால்தான். ஹார்ன்பி ரயிலில் ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று கணக்கு, அந்த ஸ்டேஷன் வாசலில் நிறுத்தத்தான் டிங்கி கார்கள் முதலில் பிறந்தன. அந்த டிங்கியின் பழைய அச்சுகள் பிற்பாடு கல்கத்தாவுக்குக் கப்பலேறி, 1960களின் கடைசியிலிருந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் நம் நாட்டுத் தயாரிப்பாக வெளிவந்தன. 1:72 என்பது ஆறடி ஆளுக்கு ஓர் அங்குலம். எனக்கு மிகவும் பிடித்த அளவு இதுதான். மனிதனையே அலகாக வைத்துப் பிறந்தது. 1:35-இன் கதை வேறு மாதிரி. ஜப்பானில் 1960களின் தொடக்கத்தில் தாமியா கம்பெனி பாந்தர் டேங்க் ஒன்றை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 1:35 என்று வந்தது. இன்று உலகமெங்கும் ராணுவ வண்டி மாடல் செய்பவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் எண் அது.

தீப்பெட்டி அளவுப் பெட்டியில் வந்த மேட்ச்பாக்ஸ் வண்டிகளுக்கோ பெட்டிதான் கணக்கு. டபுள் டெக்கர் பஸ்ஸும் காரும் ஒரே பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் பஸ் அதிகமாகச் சுருங்கியது, கார் குறைவாகச் சுருங்கியது. கையில் வைத்து விளையாட அது போதும். நம் கடைகளில் தொங்குகிற இழுத்துவிடும் வண்டிகளில் பலவும் இந்த வம்சம்தான், அளவு அச்சிட்டிருக்காது. நீங்களே கண்டுபிடிக்கலாம். அசல் வண்டியின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி, பொம்மையின் நீளத்தால் வகுத்துவிடுங்கள். சக்கரத்தை நம்பாதீர்கள்; நன்றாக உருள வேண்டும் என்று சக்கரத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிடுவார்கள். ஜீப் என்றால் 103 மி.மீ. வந்தால் 1:32, 94 வந்தால் 1:35, 77 வந்தால் 1:43, 46 வந்தால் 1:72. இந்த நான்கு எண்ணையும் டப்பா மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சிப்பாயை அளக்கும்போது உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைதான். தொப்பி, தலைப்பாகை, காலடித் தட்டு எதையும் சேர்க்கக் கூடாது. சில கம்பெனிகள் கண் மட்டம் வரைதான் கணக்கு வைக்கும். பெட்டியில் போட்ட எண்ணைவிட உங்கள் ஸ்கேல் சொல்வதே சத்தியம். 1:32-க்கும் 1:35-க்கும் இடையே ஆளின் உயரத்தில் ஐந்து மி.மீ.தான் வித்தியாசம். உலகத்தில் எல்லோரும் ஒரே உயரமா என்ன? 49 மி.மீ. ஆளைக் குள்ளமானவர் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் உறுத்தாது, துப்பாக்கி உறுத்தும். மனிதர்கள் உயரத்தில் வேறுபடலாம், ஒரே தொழிற்சாலைத் துப்பாக்கிகள் வேறுபடாது. குள்ளமானவர் கையில் துப்பாக்கியும் சிறுத்துப் போயிருக்கும். அவரை மற்றவர்களிடமிருந்து ஒரு சாண் தள்ளி, பின்னால் நிறுத்துங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. உயரம் சரியாக 54 இருந்தும் இரண்டு சிப்பாய்கள் ஒரே குடும்பமாகத் தெரியமாட்டார்கள். ஒருவருக்குத் தலை பெருத்து, கை தடித்திருக்கும். வெளிநாட்டில் இதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஸ்தபதிகளிடம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இதற்குச் சொல் உண்டு. அது தாலம். முகத்தின் நீளம் ஒரு தாலம். முழு உருவம் எத்தனை தாலம் என்பதுதான் கணக்கு. உத்தம தசதாலம் என்றால் விக்கிரகத்தின் உயரத்தை 124 பாகமாகப் பிரித்து, ஒவ்வோர் அங்கத்துக்கும் இத்தனை பாகம் என்று வகுப்பார்கள். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம், அதனால்தான் அந்தத் தொந்தியும் பெரிய தலையும் அழகாக அமைகின்றன. விக்கிரகம் ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரம் ஆனாலும் விகிதம் மாறாது. சுவாமிமலையில் மெழுகு பிடிக்கிறவர் தென்னோலை நறுக்கை மடித்து மடித்துப் பிரிக்கும் அந்தப் பாகங்களும் என் முக்கோண ஸ்கேலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே பிள்ளைகளே, உயரம் ஒத்துப்போன பிறகு தாலத்தையும் பாருங்கள். முகம் எத்தனை முறை உடலில் அடங்குகிறது என்று ஒரு காகிதத் துண்டால் அளந்தால் தெரிந்துவிடும்.

இங்கே பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். படியில் பெருமாள் ஒன்றரை அடி, மரப்பாச்சி முக்கால் அடி, செட்டியார் அரை அடி என்று இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்? படி வேறு, தரை வேறு. கோயில் சுவரில் தெய்வம் பெரிதாகவும் காலடியில் அடியார் சிறிதாகவும் இருப்பது மரியாதையின் அளவு. படிகளில் அந்த அளவுதான் செல்லும். ஒவ்வொரு படியும் ஓர் உலகம். தரையில் மணல் கொட்டி, சாலை போட்டு, வண்டியை நிறுத்தியவுடன் நீங்கள் வேறு கணக்குக்குள் வந்துவிடுகிறீர்கள். கில்லாவில் சிவாஜி மகாராஜ் சிம்மாசனத்தில் பெரியவராக உட்கார்ந்திருப்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். அவரைச் சின்னவராக்கச் சொல்லமாட்டேன். கோட்டையின் உச்சியில் அவருக்கென்று ஒரு மேடை கட்டி, அதற்குக் கீழே இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டு, பிறகு மாவளே வரிசையைத் தொடங்குங்கள். கண் தானாகப் புரிந்துகொள்ளும்.

அளவு ஒத்துவராத சிப்பாய்களைத் தூக்கி எறிய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் இடத்துக்கு நான் வாரம் ஒருமுறை போவதுண்டு. அங்கே தட்டிப் பார்த்தும், முகர்ந்து பார்த்தும், துளி கொளுத்திப் பார்த்தும் இது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த எந்த இன்ஜினீயருக்கும் குறையாத கை அவர்களுடையது. நகரம் கழித்த பொம்மைகளெல்லாம் அங்கே கோணியில் வந்து சேரும். அரைபட்டு, ‘தானா’ என்கிற மணிகளாகி, வாளியாகவும் சீப்பாகவும் திரும்பிப் போகும். அரைப்பதற்கு முன் சிப்பாய்களை மட்டும் எனக்காக எடுத்து வைப்பாள், நெல்லைப் பக்கத்து ஒரு தங்கச்சி. "என்னக்கா, பொம்மைய எல்லாம் நாடா வச்சு அளக்கிய?" என்று முதலில் சிரித்தவள், இப்போது அவளே 54 தனி, 24 தனி என்று இரண்டு பையில் கட்டித் தருகிறாள். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு டப்பா வையுங்கள். சின்ன அளவுக்காரர்கள் தூரத்துக்கு உதவுவார்கள். முன்னால் 54 மி.மீ. ஆட்கள், பார்க்கின் கடைசியில் சுவரோரம் 24 மி.மீ. ஆட்கள், நடுவே ஒரு மரமோ மேடோ மறைப்பு. இரண்டடி ஆழமுள்ள பார்க் ஒரு மைதானமாக விரியும். நடுவில் மறைப்பு இல்லாவிட்டால் மாயம் கலைந்துவிடும்.

தாராவிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கில்லாவுக்கு மாதிரி தேடி ராய்கட் கோட்டையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே, மித்தி ஆற்றோரத்தில் 1737-இல் கட்டிய காலா கில்லா நிற்கிறது. பஸ் ஸ்டாப்புக்கும் டிப்போவுக்கும் பெயர் கொடுத்த அந்தக் கோட்டையை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? ஒருவரைச் சுவரோரம் நிறுத்துங்கள். சுவர் எத்தனை ஆள் உயரம் என்று தள்ளி நின்று எண்ணுங்கள். அத்தனை 54 மி.மீ. உயரத்தில் உங்கள் சுவரை எழுப்புங்கள். டேப் வேண்டாம், படம் வேண்டாம். கற்களின் கருப்புக்கு அடுப்புக்கரி போதும்.

செம்பூரில் என் கட்டடத்துப் பிள்ளைகளோடு இந்தத் தீபாவளிக்கு நான் செய்யப்போவது செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்தியர் கோட்டைகள் 12-இல், 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. 1677-இல் சிவாஜி மகாராஜ் அதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்தபோது, 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது. மராத்தி பேசுகிற பிள்ளையும் தமிழ் பேசுகிற பிள்ளையும் சேர்ந்து கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கோட்டை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் செஞ்சியின் ராஜகிரி மலை ஏறக்குறைய 240 மீட்டர். 1:32-இல் ஏழரை மீட்டர், 1:72-இல் மூன்றே கால் மீட்டருக்கு மேல். இரண்டும் நடக்காது. இந்தத் தடவை மலையை வெட்ட எனக்கு மனமில்லை. எட்டு வருஷம் தாங்கிய மலை அது, முழுசாக நிற்க வேண்டும். அதனால் சிப்பாயைச் சுருக்குகிறோம். 1:300 என்றால் மலை 80 செ.மீ., ஏறக்குறைய இடுப்பு உயரம். ஆளின் உயரம் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்குச் சிப்பாய் எங்கே கிடைப்பான் என்று ஒரு வாரம் யோசித்தேன். போன வெள்ளிக்கிழமை அட்சதைக்கு அரிசி எடுக்கும்போது விரல் நின்றது. ஒரு மணியை ஸ்கேலில் வைத்தேன். ஆறு மி.மீ.

மஞ்சள் தடவிய மணிகள் முற்றுகையிடுபவர்கள், குங்குமம் தடவியவை கோட்டைக்குள் இருப்பவர்கள். கோந்து தொட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அதற்குச் சின்ன விரல்கள் நிறைய வேண்டும். நவராத்திரி முடிந்த அடுத்த ஞாயிறு காலையில் காம்பவுண்டில் மண் கொட்டுகிறோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் ஆறங்குல ஸ்கேல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து
உங்கள் பார்க் மாமி